அண்ணி விற்க விடாத தோப்பு

புதுச்சேரி உழவர்கரையில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் தாத்தா வாங்கியது. அவருக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு அண்ணனும் நானும். சுற்றியிருந்த வயல்களெல்லாம் நகர்களாக மாறிய பிறகும் தோப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு புயலில் பெரிய மரங்கள் எல்லாம் சாய்ந்துவிட்டன. அந்த வாரமே மனைத் தரகர் வீட்டுக்கு வந்தார்.

"மரமே போயிடுச்சு. இனிமே எதுக்கு வச்சிக்கினு இருக்கீங்க? பிளாட் போட்டுடலாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். வேரோடு கிடந்த மரங்களைப் பார்த்துவிட்டு வந்த எனக்கும் தெம்பில்லை. தலையாட்டினேன்.

காபி கொண்டுவந்த அண்ணி டம்ளரைக் கொடுக்காமலே நின்றார். "இந்தத் தோப்பைக் காட்டித்தானே எங்க வீட்டுல பொண்ணு கேட்டீங்க? இப்ப என்னைக் கேக்காமலே வித்துடுவீங்களா? கன்னு வாங்கியாங்க, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மரங்களை அறுத்து அகற்றி, ஒட்டுக்கன்றுகள் நட்டோம். அவை வளரும்வரை இடையில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போட்டார். மோட்டார் பழுதான கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்; வெட்கப்பட்டு நாங்களும் சுமந்தோம். தரகர் மறுபடி வந்தபோது, "மம்முட்டி இருக்கு, வெட்ட வர்றீங்களா?" என்று வேலிக்குள்ளிருந்தே மண்வெட்டியைத் தூக்கிக் காட்டிக் கேட்டார்.

இப்போது தோப்பு காய்க்கிறது, முன்பு போல அத்தனை இல்லை. போன மாதம் அண்ணன் தன் பங்கை அண்ணி பெயருக்கு எழுதிவைத்தார். பதிவு அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் அண்ணி சொன்னார்: "சீக்கிரம் வண்டிய எடுங்க. இன்னும் தண்ணி பாய்ச்சலை."