நல்ல கையைக் கட்டிய நாட்கள்

நான் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறேன். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. ஒருநாள் காலை, பள்ளிக்கூடம் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வலது பக்கம் சாய்ந்தாள். விளையாடுகிறாள் என்றுதான் மனைவி நினைத்தாள். நான் தூக்கி நிறுத்தியபோது வாய் கோணியிருந்தது.

“பாப்பா, என்னடா பண்ணுது?”

கண் என்னையே பார்த்தது. பேச்சு வரவில்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, பக்கவாதம் என்றார்.

“அது வயசானவங்களுக்கு வர்றதுங்களே?”

“அபூர்வமா கொழந்தைங்களுக்கும் வரும்.”

“சரியாயிடுங்களா?”

“வளர்ற மூளை, நல்லா தேறலாம். எவ்வளவு தேறும்னு இப்ப சொல்ல முடியாதுங்க.”

வீடு திரும்பியதும் பிசியோதெரபிக்காகப் பெரம்பலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனோம். கால்தான் முதலில் தேறியது. இழுத்து இழுத்து நடந்தாள். வலது கை தொங்கியே கிடந்தது. எதற்கும் இடது கையையே நீட்டினாள். பயிற்சி கொடுத்த பெண், “நல்ல கைய தெனம் கொஞ்ச நேரம் கட்டி வைங்க. அப்பதான் இந்தக் கை வேலை செய்யப் பழகும்” என்றார்.

மனைவியால் கட்ட முடியவில்லை. நான்தான் துண்டைத் தளர்வாகச் சுற்றி முடிந்தேன். தட்டில் இட்லியைப் பிட்டு வைத்தோம். வலது கை தட்டின் விளிம்பைத் தொட்டு நழுவியது. மறுபடி தொட்டது, மறுபடி நழுவியது. திரும்பி வந்திருந்த சில சொற்களில் ‘அப்பா’ ஒன்று. அதையே சொல்லிச் சொல்லி, கட்டிய கையை என் பக்கம் நீட்டி அழுதாள்.

“அவுத்து வுட்டுடுங்களேன்” என்றாள் மனைவி.

“கொஞ்சம் இரு” என்றேன். பாரம் ஏற்றிய வண்டியை எந்தப் பள்ளத்திலிருந்தும் மேலே ஏற்றிவிடுவேன். அன்று குழந்தையின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். தினமும் கட்டினேன். துண்டை எடுத்தாலே அவள் கதவுக்குப் பின்னால் போய் நிற்க ஆரம்பித்தாள்.

இப்போது நான்காம் வகுப்பு. நன்றாகப் பேசுகிறாள், சில சொற்களுக்கு மட்டும் நின்று தேடுகிறாள். எழுதுவது இடது கையில். வலது கையால் டம்ளரைப் பிடித்துவிடுவாள், விடத்தான் விரல் பிரியாது.

போன வாரம் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரும் கையுமாக என்னிடம் வந்தாள்.

“இது எப்பப்பா சரியாவும்?”

இதை நான் டாக்டரம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

“கேட்டுச் சொல்றேன்டா” என்று, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டம்ளரை வாங்கிக்கொண்டேன்.