இரண்டாவது பிரேக்

பிரேக் மாஸ்டரைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. பதினெட்டு வருடமாக ஒரே டிரைவிங் ஸ்கூலில் வேலை. அங்கே கார் ஓட்டக் கற்றுத்தரும் வண்டியில் ஸ்டியரிங் ஒன்று, பிரேக் இரண்டு. இரண்டாவது பிரேக் சொல்லித்தருகிறவர் காலடியில், ஆபத்துக்கென்று இருக்கும். மற்ற ஸ்கூல் மாஸ்டர்கள் அதை மாதத்துக்கு ஒருமுறை மிதித்தால் அதிகம். நம் ஆள் ஒரு தெருவுக்குள் நாலு முறை மிதிப்பார். பூனை, பந்து, காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை, எதைப் பார்த்தாலும் அவர் கால் பிரேக்குக்குப் போய்விடும்.

பயந்தாங்கொள்ளி என்று நாம் சிரித்துவிட்டுப் போகலாம். கூடவே குடித்தனம் நடத்தியவளைக் கேட்டால்தானே தெரியும்! மனைவி மாடிப்படி ஏறினால் "பார்த்து, பார்த்து" என்பார். அடுப்பைப் பற்றவைத்தால் "தள்ளி நில்லு" என்பார். ஆசையாக ஒரு சைக்கிள் வாங்கி வந்தாள். மறுநாளே பூட்டிச் சாவியை ஒளித்துவைத்தார். பதினோரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் ஒருநாள், தபாலில் போடச் சொல்லி அவள் கொடுத்திருந்த வேலை விண்ணப்பம், துவைக்க எடுத்த அவர் சட்டைப்பையிலிருந்து விழுந்தது. "உங்ககூட இருந்தா எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எட்டு மாதம் கழித்து அவளே டிரைவிங் ஸ்கூல் படியேறி வந்தாள். அங்கிருந்த இன்னொரு மாஸ்டருக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். இவரை விட்டால் ஆள் இல்லை. காரின் கதவைத் திறந்து, "எங்க சார் உட்காரணும்?" என்று கேட்டாள். சாராம்! அவருக்கு முகம் செத்துப்போயிற்று.

நாலு மணி நேரத் தொலைவில் இருந்த ஊரில், ஒரு பார்சல் கம்பெனி அவளுக்கு வேன் ஓட்டும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வேண்டும். அதைக் கேட்டதும் மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் வீடு என்றால் என்றைக்காவது ஒருநாள் திரும்பி வருவாள். அந்த ஊருக்குப் போய்விட்டால் அவ்வளவுதான். இவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து, தன் கையாலேயே அனுப்பிவைக்க வேண்டும். எந்தப் பாவிக்கு வரும் இப்படி ஒரு சோதனை?

ஒன்று சொல்ல வேண்டும், அவள் நன்றாகவே ஓட்டினாள். பிரச்சினை அவர் கால்தான்.

டெஸ்ட்டில் அதிகாரி பின் சீட்டில் உட்காருவார், மாஸ்டர் முன்னால். இரண்டாவது பிரேக்கைத் தொட்டால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் ஃபெயில், பேச்சே கிடையாது. முதல் டெஸ்ட்டில் ஒரு காகிதம் ரோட்டில் புரண்டு வந்தது. விளக்கு எரிந்தது.

"வேணும்னே மிதிச்சீங்களா?" என்றாள் அவள்.

"ஐயோ, சத்தியமா இல்லம்மா."

சொல்லிவிட்டார். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் சந்தேகம் வந்தது. மிதித்தது அவர் காலா, அவர் மனசா? அவருக்கே தெரியவில்லை. தன்னைப் பார்த்தே பயப்படுவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த டெஸ்ட் வெள்ளிக்கிழமை. அதை விட்டால் வேலை போயிற்று. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று அன்று காலை யோசித்தார். மாஸ்டர் இல்லையென்றால் டெஸ்ட்டும் இல்லை. அதுவும் ஒரு பிரேக்தான் என்று தெரிந்ததும், முகச்சவரத்தைப் பாதியில் விட்டு, கன்னத்தில் ரத்தக்கீறலோடு கிளம்பினார்.

காரில் ஏறியதும் ஷூவைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு, அதற்கு மேல் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

"நீ பேசாம ஓட்டு."

"என்னங்க, வீட்டுல டிவி பார்க்கற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றார் பின்னாலிருந்த அதிகாரி.

"முட்டி வலிங்க."

கார் நகர்ந்தது. மாஸ்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு திருப்பம் தாண்டி, ஒரு கிடங்கு வாசலிலிருந்து லாரி ஒன்று திடுதிப்பென்று ரிவர்ஸில் ரோட்டுக்கு வந்தது. பார்த்தாளா? பார்க்கவில்லையா? உள்ளங்கால் துடித்தது. இரண்டு கால் கட்டைவிரலையும் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். போச்சு, எல்லாம் போச்சு.

ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தார். லாரிக்கு ஒரு கை தூரத்தில் கார் நின்றிருந்தது. அவள் ஒரு ஹாரன் அடித்துவிட்டு, லாரி விலகும்வரை விரலால் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை.

"பாஸ்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி இறங்கிப் போனார். அவள் சுற்றிவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"முடியல."

"ஏன்?"

"ரெண்டு காலும் மரத்துப்போச்சு."

அவள் சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு டெஸ்ட்டுல வேணும்னே மிதிச்சேனான்னு எனக்கே தெரியல. ஆனா அந்த வேலை லெட்டரை வேணும்னேதான் தபால்ல போடல."

"தெரியும்" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. "திங்கட்கிழமை கிளம்பறேன். வேனை இங்கேயே தர்றாங்க. நானே ஓட்டிட்டுப் போறேன்."

நாலு மணி நேரம். பெரிய ரோடு. எதிரே எத்தனை லாரி! 'பார்த்து' என்று வாய்வரை வந்ததை விழுங்கினார்.

"பக்கத்து சீட்டு காலியா?"

"அந்த வண்டியில உங்க பக்கம் பிரேக் கிடையாது."

"எனக்குப் பயமா இருக்கு."

"பயந்துக்கிட்டே வாங்க" என்று சொல்லி, கீழே கிடந்த ஷூவை எடுத்து அவர் மடியில் போட்டாள்.