வயரில் போவது விரல்

பாட்டு வாசிக்கும் கீபோர்ட்டைக் கொம்பியூட்டருடன் இணைக்கும் வேலையில் திருகோணமலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் நினைப்பு. இன்றும் அதே நினைப்புத்தான். துறைமுகப் பக்கம் கடை வைத்திருப்பவன் நான். உப்புக்காற்றில் துருப்பிடித்த யூஎஸ்பி வாயைப் பழைய பல் தூரிகையால் தேய்த்தே வேலை செய்ய வைத்திருக்கிறேன். அந்த நினைப்பு ஒருமுறை என் காலை வாரிவிட்டது.

லிங்கநகரில் இருக்கும் மேரி டீச்சர், மாதா கோயிலில் கீபோர்ட் வாசிப்பவர். ஒரு சனிக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, திங்கட்கிழமை வலது கையில ஒப்பரேஷன். மூண்டு மாசம் வாசிக்க ஏலாது. பன்னிரண்டு பாட்டும் பென் ட்ரைவில போட்டுத் தாங்கோ. இல்லாட்டிச் சனம் ஆளுக்கொரு ராகத்தில பாடும்."

"உது சின்ன வேலை டீச்சர்" என்றேன்.

கீபோர்ட்டிலிருந்து லப்டொப்புக்கு வயரைச் செருகினேன். டீச்சர் வலியோடு இரண்டு மணித்தியாலம் வாசித்தார். எல்லாவற்றையும் மிடி ஃபைலாகப் பென் ட்ரைவில் ஏற்றி, கோயில் ஸ்பீக்கரில் செருகினேன். அதற்கு மிடி விளங்கவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. சரியென்று லப்டொப்பிலேயே போட்டுக் காட்டினேன். கீச்சுக் கீச்சென்றது.

"என்ன தம்பி உது? பாண் விக்கிறவன்ட ஓட்டோ மியூசிக் போட்டுக்கொண்டு வாற மாதிரிக் கிடக்கு!"

சிரிக்க முடியவில்லை. அவருடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது. "திரும்ப வாசிக்க ஏலாது தம்பி" என்றவருக்குக் குரல் உடைந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எதில் போட்டுக் கேட்கப் போகிறார்கள் என்று முதலில் நான் கேட்கவேயில்லை.

பிறகுதான் மூளை வேலை செய்தது. அந்த வயரில் சத்தம் போவதில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி அடித்தார் என்பதுதான் மிடியாகப் போகிறது; குரல், அதை வாசிக்கிற மெஷினுடையது. பென் ட்ரைவைக் கழற்றி அதே கீபோர்ட்டின் பின்பக்கம் செருகி, ப்ளே அமத்தினேன். கட்டைகள் அசையவில்லை, ஆனால் வந்தது டீச்சரின் வாசிப்பு, அதே ஓர்கன் குரலில்.

தாளத்தைச் சீராக்கும் குவாண்டைஸ் பட்டனை அமத்தக் கை துருதுருத்தது.

"அதை விடுங்கோ" என்றார் டீச்சர். "பாட்டில ஒவ்வொரு அடி முடியவும் நான் நிக்கிறது சனம் மூச்செடுக்க."

விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு, கையில் கட்டோடு டீச்சர் சனத்தின் நடுவில் இருந்தார். ஃபாதர்தான் ப்ளே அமத்தினார். அடி முடியுமிடமெல்லாம் கீபோர்ட் நின்றது, சனம் மூச்செடுத்தது, டீச்சரும் எடுத்தார். பூசை முடிந்து வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா வாசிச்சனான் தம்பி. இண்டைக்குத்தான் வாய்விட்டுப் பாடினனான்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. இப்போது கடைக்கு யார் வந்தாலும், வயரைத் தொடமுன் நான் கேட்பது ஒன்றுதான்: "உங்களுக்குச் சத்தம் வேணுமோ, விரல் வேணுமோ?"