மூன்று ஹார்ன்

போன செவ்வாய்க்கிழமை, எங்கள் தீவில் ஷாதிபூரில் இருக்கும் என் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு டிரெய்லர் நின்றது. மேலே மண் வெட்டும் மெஷின். பின்னால் பத்துப் பதினைந்து வண்டி. எல்லாரும் ஹார்ன்.

டிரைவர் இறங்கினார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு சங்கிலியாகக் கையால் தட்டிப் பார்த்தார். ஒன்றை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்பார். அதற்குள் ஒரு சோதனை.

ரெண்டு நிமிஷம் அங்கிள் என்றார். பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நான் பொறுமைசாலி இல்லை. நான் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்கே தெரியும். பிறகு ஏன்?

அறுபதுகளின் கடைசி. நான் லாரி ஓட்டினேன். பட்டாளத்தில் கழித்துப் போட்ட லாரி. பிரேக் இருந்தது — இல்லை என்று சொல்ல முடியாது. லோடு ஏற்றுகிறவன் முத்தையா. ராமநாதபுரத்துக்காரன். என் வயசு. இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவர்கள்.

அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேடு வந்தால் இறங்கிவிடுவான். முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நடந்து வருவான். வண்டி திணறி நின்றால் பின் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட வேண்டும். ஸ்டியரிங்கில் இருக்கும் எனக்கு அவன் தெரியமாட்டான். அதனால் ஹார்ன்தான் பேச்சு. ஒன்று அடித்தால் கட்டை போடு. இரண்டு என்றால் எடு. மூன்று என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடு.

மூன்று நான் அடித்ததே இல்லை. ஒரே ஒரு நாள் தவிர.

தீவுக்கு உள்ளே, சௌல்தாரி என்கிற ஊரில் அப்போது நெல் விளைந்தது. மில் இல்லை. உரல்தான். பஜாரில் கடை வைத்திருந்த காதர் பாய் மெயின்லாண்டிலிருந்து மில்லுக்கு ஒரு டீசல் இன்ஜின் வரவழைத்தார். யானைக்குட்டி மாதிரி இருந்தது. ஜெட்டியில் கிரேன் ஏது? இரண்டு மரத்தைச் சாய்த்து வைத்து, அடியில் இரும்புக் குழாய் உருட்டி, கடப்பாரையால் நெம்பி ஏற்றினோம். கனம் பின் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போனால் முன் சக்கரம் தரையை விடும். ஸ்டியரிங் செத்துப்போகும்.

கொட்டுகிற மழை. கப்பலில் தேய்ந்து கழித்த கயிற்றால் முத்தையா கட்டினான். அந்தக் கயிற்றுக்கு ஒரு குணம். ஈரத்தில் இறுகும், காய்ந்தால் தளரும். நனைந்த கயிறு அன்று இரும்புக் கம்பி மாதிரி நின்றது.

"வெயில் வந்தா நிறுத்துப்பா. ஒரு தடவை இறுக்கிருவோம்" என்றான்.

"சலேகா" என்றேன்.

எங்கள் தீவில் பெங்காலி, தெலுங்கர், மலையாளி, நாங்கள்... எல்லாருக்கும் பொதுவான சொல் இது. பரவாயில்லை, ஓடும் என்று அர்த்தம். இந்தச் சொல்லை வைத்துத்தான் பாதித் தீவைக் கட்டினோம். மீதிப் பாதியைக் கெடுத்ததும் இதுதான்.

வழியில் மழை விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. நான் நிறுத்தவில்லை. இருட்டுவதற்குள் இறக்க வேண்டும் என்ற அவசரம். காதர் பாய் என் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிஷத்துக்கு ஒரு தடவை பின்னால் திரும்பி, மெஷின் நல்லா இருக்கா, மெஷின் நல்லா இருக்கா என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சௌல்தாரிக்கு முன்னால் ஒரு மேடு. முத்தையா கட்டையோடு இறங்கினான். பாதி ஏறியிருப்போம். பின்னால் ஒரு உரசல் சத்தம். கையில் ஸ்டியரிங் லேசானது... காகிதம் மாதிரி.

இன்ஜின் நழுவுகிறது. முத்தையா இருக்கும் பக்கம்.

பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. மெல்லப் பின்னால் போனது. இடது பக்கம் ஓடை. பெரிய பள்ளம். மூன்று ஹார்ன் அடித்தேன்.

அவன் ஓடினால் பிழைப்பான். வண்டி ஓடைக்குள் போகும். நானும் காதர் பாயும் அதோடு போவோம். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

தடக்கென்று ஒரு குலுக்கல். வண்டி நின்றது.

காதர் பாய் குடையைப் போட்டுவிட்டுக் குதித்தார். மெஷினைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"முத்தையா எங்கப்பா?" என்றார்.

இன்ஜின் பின்பலகையை உடைத்துக்கொண்டு பாதி வெளியே நின்றது. ஒரே ஒரு கயிறு பிடித்திருந்தது. அதற்கு நேர் கீழே, சக்கரத்து ஓரம், முத்தையா குனிந்திருந்தான். கட்டை சக்கரத்துக்கு அடியில். கை இன்னும் கட்டையின் மேல்.

அவனை வெளியே இழுத்தேன். மூணு அடிச்சேனே, ஏன் ஓடலை என்று கேட்டேன்.

அவன் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டான்.

"கட்டை கையில இருந்துச்சு. போட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "வெயில் வந்துருச்சு, பார்த்தியா" என்றான். அவ்வளவுதான் திட்டு.

நெம்பி உள்ளே தள்ளி, மறுபடி கட்டி, ஊர் போய்ச் சேர்ந்தோம். பொழுது சாயுமுன் இறக்கினோம். ஊரே வந்து இன்ஜினைத் தொட்டுப் பார்த்தது. அன்றிலிருந்து முத்தையா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. பஜாரில், ஜெட்டியில், என் கல்யாணப் பந்தியில்கூட — "டேய் சலேகா."

அதற்குப் பிறகு வெயில் வந்தால் நிறுத்துவேன். மழை வந்தாலும் நிறுத்துவேன். லோடுக்காரர்கள் கேலி பண்ணினார்கள். பண்ணட்டும். கட்டுகிறபோது இறுக்கமாக இருந்தது என்பது ஜெட்டியோடு முடிந்த சமாசாரம். நடுவழியில் எப்படி இருக்கிறது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

சில வருஷம் கழித்து முத்தையா குடும்பத்தோடு மெயின்லாண்ட் திரும்பினான். வழியனுப்பப் போனேன். கப்பல் மூன்று தடவை ஊதியது. வந்தவர்கள் எல்லாம் கலைந்தார்கள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். மூன்றுக்கு ஓடக்கூடாது என்று அவன்தானே காட்டினான்?