பாறை விளிம்பில் ஒரு காசித்தும்பை

என் மனைவி காசித்தும்பைகளை வகைபிரிப்பவள். அந்த ஒரே பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள். பூவின் பின்னால் நீளும் வாலையும் இதழ்களின் மடிப்பையும் வைத்துத்தான் பலவற்றைப் பிரிக்க முடியும். காயவைத்தால் பூ ஈரத்தாள் போல ஒட்டிக்கொண்டுவிடும். அதனால் பறித்த உடனே நீரில் மிதக்கவிட்டு, பகுதி பகுதியாகப் பிரித்து அளப்பாள்.

புணேக்கு மேற்கே ஒரு பாறை விளிம்பில், மழைக்காலம் முடியும் வாரத்தில், எந்த நூலிலும் இல்லாத ஒன்றைப் பார்த்தாள். பூவோடு இருந்தது ஒரே செடி, மற்றவை காய்த்து முடிந்திருந்தன. கொட்டும் மழையில் அளக்க முடியவில்லை. படமெடுத்து, தாள்களுக்கிடையே அழுத்திக் கொண்டுவந்தாள். அடுத்த மழையில் அளவெடுத்துவிட்டால் புதிய சிற்றினம் என்று நிறுவலாம். பதினோரு வருட வேலையில் அவள் பெயர் சூட்டப்போகும் முதல் செடி.

அப்போது நான் ஓர் ஆங்கில நாளிதழில் துணையாசிரியர். மறு ஆகஸ்டில் அது பூக்கத் தொடங்கிவிட்டதாகத் தகவல் வந்ததும், அவள் அளவெடுக்கப் போகும் முன்பே, செய்தி எழுதினேன். அவள் சம்மதித்தாள், ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். “மலைத்தொடரில் ஓரிடம்” என்று எழுதினேன். அச்சுக்கு அனுப்பும் முன் அந்த வரி அரைகுறையாகத் தெரிந்தது. ஊரையும், அங்குள்ள கோயிலிலிருந்து பாறைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்தேன். சேர்க்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

செய்தி வந்த ஞாயிறன்று புணேயின் பாணேர், கராடி பகுதிகளிலிருந்து கார்கள் போயின. புதனன்று நாங்கள் போனோம். மிதிபட்ட சேறும் சிப்ஸ் உறைகளும் இருந்தன. ஆளுக்கொரு கொத்து பிடுங்கிச் சென்றதாகக் கோயில் கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

திரும்பும்போது, “எங்கன்னு சொல்லலைன்னா செய்தி நிக்காது” என்றேன்.

“இப்ப நல்லா நிக்குதுல்ல. பஸ், பேசாம ஓட்டுங்க.” அவள் புணேயின் ராணுவக் குடியிருப்புப் பகுதியான கேம்ப்பில் வளர்ந்தவள், கோபத்தில் ‘போதும்’ என்பதற்கு ‘பஸ்’ என்று இந்தி வந்துவிடும்.

ஓராண்டுச் செடி அது. விதை விழுந்தால்தான் மறுவருடம் உண்டு. அடுத்த இரண்டு மழைக்கும் போய்ப் பார்த்தோம். எதுவும் முளைக்கவில்லை. பூவின் அளவுகள் இல்லையென்று அவள் அனுப்பிய ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்தது.

சென்ற மாதம், அந்தச் செடியை ஒட்டிவைத்த தாளை உலர்தாவரக் காப்பகத்துக்குக் கொடுக்கும் முன், அதில் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். சுற்றுவட்ட மலைகளிலெல்லாம் வளரும் பழைய சிற்றினம் ஒன்றின் பெயர்.

“அதானா இது?”

“இல்ல.” சீட்டின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். “பேர் இல்லாத தாளையெல்லாம் மூட்டையா கட்டிப் போட்டுருவாங்க, யாரும் பிரிக்க மாட்டாங்க. தப்பான பேர்ல இருந்தா, தப்புன்னு சொல்லவாவது ஒருத்தர் எடுத்துப் பாப்பாங்க.”