வினிஃப்ரெட் வாங்காத இலவச அட்டை

எங்கள் ஊர்க் கோட்டையில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. பதினாறு வருடமாக என் ஜன்னலைத் தாண்டி டிக்கெட் இல்லாமல் போகிற ஒரே ஆள் வினிஃப்ரெட் டாப்ஸ்காட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தாறு, இடுப்பு மூட்டு மாற்றியாயிற்று. நான் வேலைக்குச் சேர்வதற்குப் பல வருடம் முன்பிருந்தே தினமும் காலை பத்தரைக்கு நாயைப் பிடித்துக்கொண்டு கோட்டை முற்றம் வழியாக ஆற்றங்கரைக்குப் போவார். மழையாவது மண்ணாவது!

யாரையும் கேட்காமல் ஊர் இருபது வருடம் நடந்தால் அந்தப் பாதை ஊருடையது. இடத்துக்குச் சொந்தக்காரர் அனுமதித்து நடந்தால் அது அவர் தயவு. இங்கே சட்டம் அப்படி. அது தெரிந்துதான் கோட்டை நிர்வாகி கிராஸ்பி ஊராருக்கெல்லாம் இலவச அனுமதி அட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம். நானும்தான். ஓசி என்றதும் புத்தி மழுங்கிவிட்டது. வினிஃப்ரெட் மட்டும் வாங்கவில்லை. கேட்காமல் நடப்பவர் என்று ஊரில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். அவரும் தோற்றால் பாதை போச்சு.

பாதை ஊருடையது என்று அவர் போட்ட மனுவை விசாரிக்க ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்தார். கோட்டை கோட்டையாகக் காரில் சுற்றுகிறவர்கள் டிக்கெட்டுக்கு வாசல்வரை வரிசையில் நின்றார்கள். வினிஃப்ரெட் வழக்கம்போல வரிசையைக் கடந்து நடந்தார். வரிசையை மீறுவது இந்த நாட்டில் கொலைக்கு அடுத்த குற்றம். கார்ன்வாலிலிருந்து மனைவியோடு வந்த ஒருவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விடியறதுக்கு முன்னாடி கார எடுத்துட்டு வந்து நாங்க வரிசைல நிக்கறோம். இந்தம்மாவுக்கு மட்டும் தனி வழியா?"

அதிகாரி காதில் விழும்படி கிராஸ்பி முகம் மலர்ந்து சொன்னார். "வயசானவங்க சார், பாவம். நாங்கதான் விட்டுடறோம்."

இரக்கப்படுகிற மாதிரியே உரிமையைப் பிடுங்குகிறார் மனிதர்.

வினிஃப்ரெட் திரும்பி நின்றார். "யாரு, யார விடறது?"

அதிகாரி என் ஜன்னலுக்கு வந்தார். இவருக்கு யாராவது அனுமதி கொடுத்தார்களா என்று கேட்டார். கிராஸ்பி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். இந்தச் சின்ன ஊரில் இதை விட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது.

"இல்ல சார்," என்றேன். "பதினாறு வருஷத்துல அவங்க ஒரு நாளும் கேட்டதில்ல. நாங்களும் குடுத்ததில்ல."

அதிகாரி எழுதிக்கொண்டார். கார்ன்வால்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோபம் இறங்கியிருந்தது.

"அப்போ இந்தப் பாதைல நாங்களும் போலாமா?" என்று வினிஃப்ரெட்டிடம் கேட்டார்.

"கேக்காதீங்க," என்றார் வினிஃப்ரெட். "நடங்க."

அவரும் மனைவியும் வரிசையை விட்டு விலகினார்கள். பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். நிறுத்தச் சொல்லி கிராஸ்பி என்னிடம் கத்தினார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.