அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே ஊசி

பானுப்ரியாவுக்கு முப்பத்தொரு வயது. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில், கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ரத்தத்தோடு அவளிடம் வரும். கழுவி, துணியில் பொதிந்து, நூற்று முப்பத்துநான்கு டிகிரி நீராவியில் வைத்து அனுப்புவாள். ஒவ்வொரு பொதிக்குள்ளும் ஒரு காகிதப் பட்டை இருக்கும். சூடு சரியாக ஏறியிருந்தால் பட்டை கறுக்கும். கறுக்காவிட்டால் பொதி மறுபடியும் இயந்திரத்துக்குள் போகும். மேலே மருத்துவர் எவ்வளவு கத்தினாலும் சரி. பத்து வருஷத்தில் ஒரு பட்டையைக்கூட அவள் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

அவளைப் படிக்க வைத்தவர் அப்பா கமலக்கண்ணன். முள்ளிப்பட்டில் வீட்டிலேயே பட்டுத்தறி. அம்மா போய்ப் பல வருஷம் ஆயிற்று. தறிக் கம்பி விரலைக் கிழித்தால் சிரிப்பார். ஆனால் ஊசி என்றால் நடுங்குவார். ஒரு தடுப்பூசி போட இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்ட மனிதர் பங்குனி மாதத்தில் பச்சை குத்திக்கொண்டார்.

காரணம் அவருடைய அக்கா அபிதகுசாம்பாள். கல்யாணமே செய்துகொள்ளாமல் இரண்டு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கியவள். அவள் கையில் சின்ன வயதில் குத்திய கோலமும் ஐந்து புள்ளியும் இருந்தன. அவள் செத்த அன்று பெண்கள் அவளுடைய மூக்குத்தியைக் கழற்றினார்கள், சங்கிலியைக் கழற்றினார்கள். பச்சை மட்டும் அவளோடு போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த தம்பி கந்தசாமி, பதினாறாம் நாள் காரியத்தன்று எல்லார் முன்னாலும் சொன்னார்: “அக்கா பேர நாமளும் குத்திக்கலாம்டா. நாம போவும்போது அதுவும் நம்ம கூட வரட்டும்.”

கமலக்கண்ணனுக்கு அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இடது முன்கையில் குத்திக்கொண்டார். தறியில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும் கை அதுதான். ஒவ்வொரு இழைக்கும் அக்காவைப் பார்க்கலாம் என்றார்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்த பானுப்ரியா கையைப் பிடித்துப் பார்த்தாள். “ஊசி புதுசாப்பா?”

“புதுசுதாம்மா. கவரு கிழிச்சத நானே பாத்தேன்.”

அதோடு விட்டுவிட்டாள். அது போதாத கேள்வி என்று தெரிய அவளுக்கு நான்கு மாதம் ஆயிற்று.

ஆடி கடைசியில் அப்பாவின் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லி தின்று நான்கு நாளை வீணாக்கினார். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே கொண்டுவந்து சேர்த்தாள். ஹெபடைட்டிஸ் பி. புதிதாகத் தொற்றியது, கல்லீரல் வேகமாகக் கெட்டுக்கொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். இது நூற்றில் ஒருவருக்குத்தான் இப்படி முற்றும் என்றும் சொன்னார். அந்த ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு மகளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“ஆறு மாசத்துல ஆபரேஷன், ரத்தம் ஏத்தினது, பச்சை குத்தினது ஏதாவது உண்டா?”

பானுப்ரியா போர்வையை விலக்கி இடது முன்கையைக் காட்டினாள்.

பதினோராம் நாள் அப்பா இறந்தார். வீங்கிய கையில் அத்தையின் பெயர் அகன்று தெரிந்தது. கீழ்த்தளத்தில் அந்த வாரமும் முந்நூறு பொதிகளின் பட்டைகள் தவறாமல் கறுத்திருந்தன. மேல்தளத்தில் அவளுடைய அப்பா ஒரு ஊசியால் செத்திருந்தார். அதைப் பிடித்த கை யாருடையதோ, அவனை விடுவதில்லை என்று சுடுகாட்டுக்குப் போன வண்டியைப் பார்த்தபடி முடிவு செய்தாள்.

பிடித்த கை சுதாகருடையது. முன்பு கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன். கோடு பிசகாது. இரண்டு வருஷமாக ஆரணியில், கந்தசாமியின் கட்டடத்து மாடியில் பச்சை குத்தும் கடை வைத்திருந்தான். காரியம் முடிந்த மறுநாள் காலை அவள் படியேறினாள்.

“வா பானு. அப்பா விஷயம் கேட்டதிலேர்ந்து சோறு எறங்கல.”

“உங்க ஊசியக் காட்டுங்க.”

காட்டினான். ஒவ்வொன்றும் மூடிய கவரில், தேதியோடு இருந்தது. கையுறைப் பெட்டி இருந்தது. மை ஊற்றும் சின்னக் குப்பிகள் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிறவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அப்ப எங்கப்பாவுக்கு எப்படி வந்துச்சு?”

சுதாகர் கைப்பேசியை எடுத்தான். குத்துவதையெல்லாம் படம்பிடித்து இணையத்தில் போடுவது அவன் வழக்கம். “இத நான் போடல. ஏன்னு நீயே பாரு.”

படத்தில் காரிய வீட்டுப் பந்தல். சுதாகர் புதுக் கவரைக் கிழிக்கிறான். புதுக் குப்பியில் மை ஊற்றுகிறான். முதலில் பெரியப்பா கந்தசாமியின் கை. ரத்தம் பொட்டுப் பொட்டாய் வருகிறது, துடைக்கிறான். அது முடிந்து அப்பா உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சுதாகர் ஊசியைக் கழற்றப் போகிறான். பக்கத்தில் யாரோ சிரிக்கிற குரல்: “இன்னாடா, அண்ணனுக்கு இன்னா சீக்கா, ஊசி மாத்திகினுகீற?”

உடனே கந்தசாமியின் குரல் உயர்கிறது: “டேய்! கூடப் பொறந்தவங்களுக்குள்ள ஊசி மாத்துவியா நீ? ஒரே ரத்தம்டா! அதுலயே குத்து. ஜல்தி!”

அப்பா முகத்தைத் திருப்பியபடியே சொல்கிறார்: “அண்ணன் ரத்தம்தானே சுதாகரு, குத்துப்பா.”

சுதாகர் குத்துகிறான்.

“அவரு கட்டடத்துல கடை வெச்சிகினுகீறேன்,” என்றான் சுதாகர். “நாப்பது பேரு முன்னாடி கத்தறாரு. என்ன மாதிரி ஆளு அவரு பேச்ச மீறுனா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா?”

அவள் அந்தப் படத்தைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அவள் மூளை வேலை செய்யும் விதம் வேறு. ஊசி புதிது. மை புதிது. கையுறை புதிது. கவர் கிழிந்ததற்கும் அப்பாவின் தோலுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு கை, பெரியப்பாவின் கை.

அங்கிருந்து நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். கந்தசாமி இருபது தறிக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்து வேலை வாங்குகிறவர். ஊரில் பஞ்சாயத்து என்றால் அவருக்கு நாற்காலி போடுவார்கள். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னாள்.

“தம்பிய வாரிக் குடுத்துட்டு உக்காந்துகினுகீறேன். எனக்கு டெஸ்ட்டா? எனக்கு ஒண்ணும் இல்ல. போம்மா, பேஜாரு பண்ணாத.” எழுந்து வெளியே போய்விட்டார்.

பெரியம்மா ராஜம்மாள் அவளை விடவில்லை. காபி கொடுத்துவிட்டு, பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துவந்து முன்னால் கவிழ்த்தாள். “பெரியப்பா மாத்திர எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடக்குது. எது காலைல, எது ராத்திரின்னு பிரிச்சுக் குடு கண்ணு.”

சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. அடியில் ஒரு வெள்ளைப் புட்டி. மூன்று வருஷம் முந்தைய தேதி, பாதி மாத்திரை மீதி. பெயரைப் படித்ததும் பானுப்ரியாவின் விரல் நின்றது. ஹெபடைட்டிஸ் பி கிருமியை அடக்கிவைக்கக் கொடுக்கிற மாத்திரை. வேறு சத்துக்கோ சளிக்கோ யாரும் எழுதித் தருவதில்லை.

“இது இன்னா பெரியம்மா?”

“அதுவா? சத்து மாத்திர. தறி சங்கத்து முகாம்ல ரத்தம் குடுத்தாரு பாரு, அதுக்கப்புறம் வேலூரு போயி வாங்கியாந்தாரு. கொஞ்ச நாள் போட்டாரு, வாய் கசக்குதுன்னு உட்டுட்டாரு.”

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் சொன்னால் அது ஒரு பெண் அழுதுகொண்டே போட்ட பழி ஆகிவிடும். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இல்லை என்பார், ஊர் அவரை நம்பும். அவர் வாயால் வரவேண்டும். புட்டியைப் படம் எடுத்துக்கொண்டு, மற்ற மாத்திரைகளை ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

வழியைக் கந்தசாமியே அமைத்துக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துக் கமலக்கண்ணனின் படத்திறப்பு. அன்று தம்பியின் பெயரை வலது கையில் குத்திக்கொள்வதாக ஊரெல்லாம் சொல்லிவைத்தார். அவர் மகன் இளவரசன், இருபத்தாறு வயது, சித்தப்பாவின் மேல் உயிராக இருந்தவன். தானும் குத்திக்கொள்வேன் என்றான்.

பானுப்ரியா மறுபடி சுதாகரின் மாடிப்படி ஏறினாள். “பெரியப்பாவுக்கு குத்தி முடிச்சதும் ஊசிய மாத்தாதீங்க. இளவரசன உக்கார வெச்சு மிஷின ஆன் பண்ணுங்க. தோல் மேல மட்டும் வெக்கக் கூடாது. யாரு சொன்னாலும் வெக்கக் கூடாது.”

“எதுக்கு?”

“அன்னிக்கு அவரு சொன்னதக் கேட்டீங்க இல்ல? இன்னிக்கு நான் சொல்றதக் கேளுங்க.”

படத்திறப்பன்று பெரியப்பாவின் தறிக் கொட்டகையில் தறிகளை ஓரமாக மூடிப்போட்டு, நடுவில் அப்பாவின் படம். ஐம்பது அறுபது பேர். கந்தசாமி படத்தைத் திறந்து, அழுது, தம்பியைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். பிறகு வலது கையை நீட்டினார். முக்கால் மணி நேரத்தில் கமலக்கண்ணன் என்ற பெயர் அவர் கையில் ஏறிற்று. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பானுப்ரியா மின்சாரப் பலகைக்குப் பக்கத்தில், சுவிட்சில் விரலை வைத்தபடி நின்றாள்.

இளவரசன் வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தான். சுதாகர் அதே ஊசியோடு இயந்திரத்தைக் கையில் எடுத்தான்.

“ஊசிய மாத்துடா,” என்றார் கந்தசாமி.

சுதாகர் அசையவில்லை.

“எதுக்கு பெரியப்பா?” என்றாள் பானுப்ரியா. “நமக்குள்ள எதுக்கு மாத்தணும்?”

கூட்டத்தில் ஒரு பெரியவர் சிரித்தார். “அதானே! அப்பன் ரத்தம் புள்ளைக்கு ஆவாதா?”

“நான் சொல்றேன்ல, மாத்துடா!”

“எங்கப்பா உக்காந்தப்ப மாத்த வேணாம்னீங்க.”

“அது வேற.”

“இன்னா வேற?”

“அப்பா, சும்மா இருப்பா நீ,” என்றான் இளவரசன். “சித்தப்பாவுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா? நீ குத்துண்ணா.”

இயந்திரம் ரீங்கரித்தது. ஊசி கைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே அது இறங்காது என்பது அந்தக் கொட்டகையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பானுப்ரியா பெரியப்பாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வியர்வை புறப்படுவதைப் பார்த்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

கந்தசாமி பாய்ந்து இயந்திரத்தைத் தட்டிவிட்டார். அது தரையில் விழுந்து துள்ளியது. மைக் குப்பி கவிழ்ந்து அவர் வெள்ளை வேட்டியில் வழிந்தது.

“வேணாம்டா! எனக்குக் கீதுடா... என் ரத்தத்துல கீது!”

அவள் சுவிட்சை அணைத்தாள். ரீங்காரம் நின்றது.

“எப்பத்திலேர்ந்து பெரியப்பா?”

“மூணு வருசமா.”

“அப்பாவுக்கு குத்துன அன்னிக்குத் தெரியுமா?”

அவர் கூட்டத்தைப் பார்த்தார். அவருக்கு நாற்காலி போடுகிறவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

“தெரியுமான்னு கேட்டேன்.”

“சீக்கான்னு ஒருத்தன் கேட்டுட்டானேம்மா. ஊசிய மாத்துனா நெஜம்னு நெனச்சிடுவாங்களேன்னு... இவ்ளோ தூரம் ஆவும்னு எனக்குத் தெரியாதும்மா.”

“புள்ளைக்கு ஆவும்னு தெரிஞ்சுதே.”

இளவரசன் மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டான். முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்தார்கள். ராஜம்மாள் புருஷன் பக்கம் போகவில்லை, பானுப்ரியாவிடம் வந்தாள்.

“அப்ப அந்த சத்து மாத்திர?”

“ஆமா பெரியம்மா.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே. டப்பாவப் பிரிச்சப்பவே.”

“ரெண்டு வாரம்.” ராஜம்மாள் விரல்விட்டு எண்ணுவதுபோல் கையைப் பார்த்தாள். “நான் அவரு கூட ஒரே வீட்டுல இருக்கறவ. நீயும் சொல்லல.”

பானுப்ரியா பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மருத்துவமனையில் எந்த அறை, என்ன பரிசோதனை, தொற்று இல்லையென்றால் போட்டுக்கொள்ள வேண்டிய மூன்று தடுப்பூசி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். ராஜம்மாள் அதை வாங்கி மகனிடம் நீட்டினாள். அம்மாவும் மகனும் அப்படியே வேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். கந்தசாமியிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் தம்பியின் படத்துக்குக் கீழே, மை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். புதுப் பெயரிலிருந்து இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. துடைத்துவிட ஒருவரும் கிட்டே போகவில்லை. அவள் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

சுதாகர் குனிந்து சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“கையுறை போட்டுகினு எடுங்க.”

போட்டுக்கொண்டான். “நான் சொன்ன மாதிரி செஞ்சேன்ல பானு? இனிமே இந்தக் கட்டடத்துல என்னை இருக்க உடுவாரான்னு தெரியல. ஆனாலும் செஞ்சேன்.”

“செஞ்சீங்க.”

“அப்ப நம்ம கணக்கு...”

“உங்க வீடியோவோட சேத்து நேத்தே சுகாதாரத் துறைக்குப் புகார் அனுப்பிட்டேன். ரெண்டு மூணு நாள்ல கடைக்கு வருவாங்க.”

அவன் நிமிர்ந்தான். “சொன்னது அவரு பானு. நான் மாத்தத்தான் போனேன், நீயே பாத்த.”

“பாத்தேன்,” என்றாள் அவள். “ஆனா ஊசி உங்க கையிலதான் இருந்துச்சு.”